இரண்டாவது உதைதான் மாட்டிக்கொள்கிறது

விழுப்புரம், திண்டிவனம் மைதானங்களில் சிறுவர் கால்பந்து ஏன் கைகலப்பில் முடிகிறது? பதிலடி கொடுத்த பையனை வெளியே அனுப்பினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம். கார்னர் கிக். இரண்டு அணியும் கோல் கம்பத்துக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்கின்றன. டிஃபெண்டர் பையன் தனக்கு முன்னால் நிற்பவனின் ஜெர்சியைப் பின்பக்கமாகக் கொத்தாகப் பிடித்திருக்கிறான். பந்து எழும்பியதும் முழங்கையால் விலாவில் ஓர் இடி. நடுவரின் கண் பந்தின் மேல். இடி வாங்கியவன் முதலில் நடுவரைத் திரும்பிப் பார்க்கிறான், விசில் வரவில்லை. பிறகு கோட்டுக்கு வெளியே நிற்கும் தன் பி.டி. மாஸ்டரைப் பார்க்கிறான், 'ஆடுடா, ஆடுடா' என்று கையை ஆட்டுகிறார். சில நிமிடம் கழித்து, பந்து மறுகோடியில் இருக்கும்போது, ஓடுகிற ஓட்டத்திலேயே அந்த டிஃபெண்டரின் கெண்டைக்காலில் ஓங்கி ஓர் உதை விடுகிறான். அலறல் கேட்டு மைதானமே திரும்புகிறது. நடுவர் ஓடி வருகிறார். கையில் சிவப்பு அட்டை.

விழுப்புரம் பெருந்திட்ட வளாக மைதானத்திலோ, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டிவனத்துப் பள்ளி மைதானங்களிலோ சின்னப் பிள்ளைகளின் கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். முதல் அடி யார் கண்ணிலும் படுவதில்லை. இரண்டாவது அடி எல்லோர் கண்ணிலும் படுகிறது. வெளியே போகிற பையன் அழுதுகொண்டே போகிறான். 'அவன்தான் சார் முதல்ல...' என்று அவன் சொல்ல வருவதைக் கேட்க ஆள் இல்லை.

பையன்களுக்குப் பொறுமை போதவில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பொறுமையைக் கற்றுத்தர வேண்டியதுதான். ஆனால், விசில் வர வேண்டிய இடத்தில் வராததுதான் பதிலடியின் ஆரம்பம் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த விசில் பையன்கள் கையில் இல்லை.

உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டை

1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ரட்டினை ஜெர்மன் நடுவர் வெளியேறச் சொன்னார். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாததால், ரட்டின் வெகுநேரம் மைதானத்தை விட்டு நகரவே இல்லை. அந்தக் குழப்பத்தைப் பார்த்த நடுவர் குழுத் தலைவர் கென் ஆஸ்டனுக்கு லண்டன் போக்குவரத்து சிக்னலில் நின்றபோது தோன்றிய யோசனைதான் மஞ்சள், சிவப்பு அட்டைகள். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை அறிமுகமாயின. அந்த முறை ஒருவருக்கும் சிவப்பு அட்டை காட்டப்படவில்லை.

முதல் சிவப்பு அட்டை 1974 ஜூன் 14 அன்று மேற்கு பெர்லினில் வெளியே வந்தது. வாங்கியவர் சிலி நாட்டின் கார்லோஸ் காஸ்ஸெலி. மேற்கு ஜெர்மனியின் பெர்ட்டி ஃபோக்ட்ஸ் ஆட்டம் முழுக்க அவரை ஒட்டிக்கொண்டே திரிந்து தடுத்து வந்தார். பொறுக்க முடியாமல் காஸ்ஸெலி திருப்பி உதைத்தார். உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டையே பதிலடிக்குக் கொடுத்த அட்டைதான்.

24 ஆண்டுகள் கழித்து, 1998இல், பிரான்சின் செயின்ட் எட்டியன் நகரில் அதே கதை. அர்ஜென்டினாவின் டியேகோ சிமியோனி பின்னாலிருந்து இடித்ததில் 23 வயது டேவிட் பெக்கம் குப்புற விழுந்தார். விழுந்த நிலையிலேயே காலைத் தூக்கி சிமியோனியைத் தட்டினார். இடித்தவருக்கு மஞ்சள், தட்டியவருக்குச் சிவப்பு. பத்துப் பேரோடு ஆடிய இங்கிலாந்து பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றது. ஊர் திரும்பிய பெக்கமுக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. அவர் உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். சிமியோனி தான் வேண்டுமென்றே மிகைப்படுத்தி விழுந்ததைப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். அதற்குள் தண்டனை முடிந்திருந்தது.

மரடோனா கதை இன்னும் கசப்பானது. 1983 செப்டம்பரில் அத்லெடிக் பில்பாவோவின் அன்டோனி கோய்கோஎட்சியா பின்னாலிருந்து பாய்ந்ததில் மரடோனாவின் கணுக்கால் உடைந்தது. அடுத்த மே மாதம், அதே அணிக்கு எதிரான ஸ்பானியக் கோப்பை இறுதிப் போட்டி. மரடோனா ஆடிய பார்சிலோனா தோற்றது. கடைசி விசிலுக்குப் பிறகு, ஸ்பெயின் மன்னர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மரடோனா பில்பாவோ வீரர்கள் மேல் பாய்ந்தார். இரு அணியும் புரண்டு சண்டையிட்டன. பார்சிலோனாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுவாகிப்போனது. சில வாரங்களில் நேப்பிள்ஸ் நகரின் நாப்போலி அணிக்குப் போய்விட்டார்.

இவர்கள் உலகம் கொண்டாடிய வீரர்கள். சுற்றிலும் கேமரா, பயிற்சியாளர், மருத்துவர் எல்லாம் இருந்தும் அந்த நொடியில் தவறிவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பையனிடம் அவர்களை விட அதிக நிதானத்தை எதிர்பார்க்கிறோம். உணர்ச்சியை அடக்கிப் பின்விளைவை யோசிக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும் என்பது மருத்துவம் நெடுநாளாகச் சொல்லிவரும் விஷயம்.

விதி என்ன சொல்கிறது?

கால்பந்தின் 12ஆவது விதி ஃபவுலை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. கவனமில்லாமல் மோதினால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு ஆபத்து என்பதைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. தேவைக்கு மீறிய பலத்தோடு, எதிராளியின் உடலுக்குக் கேடு வரும்படி பாய்ந்தால் சிவப்பு அட்டை.

பந்துக்கான போட்டியே இல்லாத நேரத்தில் அடித்தாலோ உதைத்தாலோ அது வன்முறை நடத்தை. நேராகச் சிவப்பு. அடி படாவிட்டாலும் முயற்சியே போதும். எச்சில் துப்பினாலும் அதே தண்டனை. 'அவன் முதலில் அடித்தான்' என்பதற்கு விதிப் புத்தகத்தில் எந்தத் தள்ளுபடியும் கிடையாது. பத்துப் பையன்களைக் கேட்டால் பலருக்கு இது தெரியாது. மஞ்சள் கிடைக்கும், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். ஆஃப்சைடைச் சொல்லித்தருகிற மாஸ்டர்கள் 12ஆவது விதியையும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும்.

விதி நடுவருக்கும் ஒரு பொறுப்பைத் தருகிறது. முதல் ஐந்து நிமிடத்தில் ஜெர்சி பிடிக்கும் கையைக் கண்டித்து ஒரு விசில் அடித்துவிட்டால், அந்த ஆட்டத்தின் எல்லை எது என்பது 22 பேருக்கும் தெரிந்துவிடுகிறது. சின்னப் பசங்கதானே என்று முதல் பாதியில் விட்டுப் பிடிக்கிற நடுவர், இரண்டாம் பாதியில் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

ஒரே நடுவர், நூறு தலைகள்

நம் பள்ளிப் போட்டிகளின் அமைப்பைப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுகள் குறுவட்டத்தில் தொடங்கி வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறுகின்றன. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவு. குறுவட்ட அளவில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரே நடுவர். லைன்ஸ்மேன் இருந்தால் அதிர்ஷ்டம். முழு மைதானத்தையும் ஒற்றை ஆள் ஓடிப் பார்க்கும்போது, பந்து இருக்கும் இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் அவருக்கு முதுகுப்பக்கம். முழங்கை இடியும் மிதியும் நடப்பது அந்த முதுகுப்பக்கத்தில்தான்.

உடல் வித்தியாசம் இன்னொன்று. பதின்மூன்று வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பிவிடும். இன்னொருவன் ஆறாம் வகுப்புப் பிள்ளை போல இருப்பான். இருவரும் ஒரே பிரிவு. பெரிய உடம்புக்காரன் வேண்டுமென்று இடிக்காவிட்டாலும் சின்னவன் தூக்கியெறியப்படுகிறான். அவன் அதை வம்பு என்றே எடுத்துக்கொள்கிறான். ஒருவன் காலில் ஸ்டட் வைத்த ஷூ, எதிரே நிற்பவன் காலில் கேன்வாஸ் ஷூ என்றால் கேட்கவே வேண்டாம்.

ஷின் கார்டு இல்லாமல் ஆடக் கூடாது என்கிறது 4ஆவது விதி. கிராமப் போட்டிகளில் அதை யாரும் சோதிப்பதில்லை. சாக்ஸுக்குள் அட்டையை மடித்துச் செருகிக்கொண்டு இறங்கும் பிள்ளைகள் உண்டு. முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பு வெறும் தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஒரு ஸ்டட் பட்டால் கண்ணில் பொறி பறக்கும். வலி கோபமாக மாற அதிக நேரம் ஆகாது. ஷின் கார்டு எலும்பைக் காப்பதோடு பல சண்டைகளையும் தடுத்துவிடும்.

இதற்கு மேல் கோட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டம். 'பந்து போனாலும் ஆள் போகக் கூடாது' என்பது நம் மைதானங்களில் தாராளமாகப் புழங்கும் உபதேசம். 'விடாதடா, கால்ல போடு' என்று கத்துபவர் அந்தப் பையனின் அண்ணனாகவோ, மாமாவாகவோ, சில நேரம் மாஸ்டராகவே கூட இருப்பார். சிவப்பு அட்டை வந்ததும் 'ஏண்டா இப்படிப் பண்ணினே?' என்று முதுகில் அறைபவரும் அவர்தான்.

இழப்பு ஓர் ஆட்டத்தோடு போவதில்லை. வெளியேற்றப்பட்டவன் அடுத்த ஆட்டத்திலும் ஆட முடியாது. குறுவட்டத்தில் இரண்டு ஆட்டம் போனால் மாவட்டத் தேர்வில் யார் கண்ணிலும் படமாட்டான். முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டியோ, பிற்பாடு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடமோ, எல்லாமே சான்றிதழைக் கேட்கின்றன. பக்கத்துக் கடலூர் மாவட்டத்திலிருந்து இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் போன்றவர்கள் இந்திய மகளிர் அணி வரை போயிருக்கிறார்கள். அப்படி ஒரு பாதை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, கோபத்தில் விட்ட ஓர் உதையால் அதை மூடிக்கொள்ளும் பிள்ளையை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மைதானத்தைத் தாண்டும் தீ

1980 ஆகஸ்ட் 16. கொல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பகானின் பிதேஷ் போஸை முரட்டுத்தனமாகத் தடுத்தார். பிதேஷ் பதிலுக்குப் பாய்ந்தார். சிவப்பு அட்டை வாங்கினார். இரு தரப்பு ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்த கேலரியில் அடிதடி வெடித்தது. தப்பிக்க ஓடியவர்களின் நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். வங்காளத்தில் இன்றும் அந்த நாளைக் கால்பந்து ரசிகர் நாளாக நினைவுகூர்ந்து ரத்த தானம் செய்கிறார்கள்.

இரண்டு வீரர்களுக்கு இடையில் நடந்தது சில நொடி. அதை எடுத்துக்கொண்டு போய் உயிர்ப்பலியாக்கியது, ஏற்கெனவே கூட்டத்துக்குள் மண்டியிருந்த பகை.

நம் மாவட்டத்தில் அந்தப் பகைக்கு வேறு பெயர் உண்டு. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் மூண்ட சாதிக் கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அன்றைய ரணத்தைச் சுமக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊர் ஊராக நடக்கும் டோர்னமென்ட்டுகளில் அணி என்பது பல நேரம் ஒரு தெருவின் அணி, ஒரு காலனியின் அணி. அங்கே ஒரு பையன் இன்னொருவன் காலை மிதித்தால், 'எவன் எவனை மிதித்தான்' என்ற கேள்வி மாலைக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு தமிழக அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைத்த குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னது. அதே அக்கறை ஊர் டோர்னமென்ட்டின் ஜெர்சிக்கும் அணிப் பெயருக்கும் வர வேண்டும். பல தெருப் பையன்களைக் கலந்து அணி பிரித்தால், எதிரணியில் தன் வகுப்புத் தோழன் நிற்பான். அவன் காலை உதைக்க யாருக்கும் கால் எழாது.

நடுவர்களைக் காப்பதும் இதில் அடக்கம். 2012 டிசம்பர் 2 அன்று நெதர்லாந்தின் அல்மேர் நகரில் பதின்வயதினர் ஆட்டம் ஒன்று முடிந்தது. மகன் ஆடும் கிளப்புக்காகச் சம்பளம் வாங்காமல் லைன்ஸ்மேனாக நின்ற 41 வயது ரிச்சர்ட் நியூவென்ஹாய்சனை எதிரணிச் சிறுவர்கள் சூழ்ந்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். அந்த வாரக் கடைசியில் நாட்டின் அமெச்சூர் ஆட்டங்கள் அத்தனையும் ரத்தாயின. 2013 ஜூனில் ஆறு சிறுவர்களும் ஒரு சிறுவனின் தந்தையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தந்தைக்கு ஆறு ஆண்டு சிறை.

மாற்றிக் காட்டியவர்கள்

1994 உலகக் கோப்பையில் சொந்த அணிக்கே கோல் போட்டுவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாளில், ஜூலை 2 அன்று மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துக்கத்திலிருந்து அதே நகரின் தெருக்களில் ஒரு புதிய ஆட்டமுறை பிறந்தது. நடுவர் கிடையாது. ஆட்டத்துக்கு முன் இரு அணியும் உட்கார்ந்து விதிகளைத் தாங்களே பேசி முடிவுசெய்யும். பிறகு ஆட்டம். முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து, யார் நேர்மையாக ஆடினார்கள் என்று பேசிப் புள்ளி போடும். கோலுக்குக் கிடைக்கும் புள்ளியோடு நேர்மைக்குக் கிடைக்கும் புள்ளியும் சேர்ந்தே வெற்றியைத் தீர்மானிக்கும். இன்று பல நாடுகளில் தெருப்பிள்ளைகளோடு வேலை செய்யும் அமைப்புகள் இதைப் பின்பற்றுகின்றன.

ஜெர்மனியில் ரால்ஃப் க்ளோர் என்ற பயிற்சியாளர் 2007இல் ஆஹன் பகுதியில் தொடங்கிய முறையும் இதே திசையில்தான் போகிறது. சின்னக் குழந்தைகளின் ஆட்டத்தில் நடுவர் இல்லை. ஃபவுலா இல்லையா என்று குழந்தைகளே முடிவுசெய்கிறார்கள். இரண்டு பயிற்சியாளர்களும் ஒரே பக்கம் சேர்ந்து நிற்கிறார்கள். பெற்றோர் கோட்டிலிருந்து பல மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கத்தும் குரல் தூரப்போனதும் பிள்ளைகளின் ஆட்டம் அமைதியானது. இந்த முறை பிறகு ஜெர்மனி முழுக்கப் பரவியது.

தமிழகத்தில் இதற்கு நல்ல உதாரணம் வடசென்னையின் வியாசர்பாடி. ரவுடியிசத்துக்குப் பெயர் போன பகுதி என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட இடம், கால்பந்தால் குட்டி பிரேசில் என்று பெயர் வாங்கியது. இந்திய அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் அந்த மண்ணின் பிள்ளை. பள்ளி முடிந்ததும் தினமும் மைதானத்துக்கு வர வேண்டும், படிப்பையும் விடக் கூடாது என்று பிள்ளைகளைக் கண்காணித்த உள்ளூர் அண்ணன்மார்கள்தான் அங்கே பெரிய பலம்.

மாஸ்டர் கையில் இருக்கும் ஆயுதங்கள்

சர்வதேசக் கால்பந்து விதிக் குழு 2017இல் சிறுவர் ஆட்டங்களுக்கு ஒரு சலுகையைத் திறந்துவிட்டது: வெளியே எடுத்த வீரரை மறுபடி உள்ளே இறக்கலாம். போட்டி நடத்துபவர்கள் சம்மதித்தால் போதும். இது மாஸ்டருக்குக் கிடைத்த அருமையான வசதி. இடி வாங்கிய பையன் எதிராளியையே முறைத்துக்கொண்டு, பந்தை விட்டு ஆளைத் தேடி ஓட ஆரம்பித்தால் முகத்திலேயே தெரியும். ஐந்து நிமிடம் வெளியே அழைத்துத் தண்ணீர் கொடுத்து, 'உன்னை இடிச்சதை நான் பார்த்தேன். கேப்டன் மூலமா ரெஃபரிகிட்ட சொல்றேன்' என்று சொன்னாலே பாதிக் கோபம் இறங்கிவிடும். தனக்கு நடந்ததை ஒரு பெரியவர் பார்த்தார் என்பது அவனுக்குப் பெரிய ஆறுதல்.

ஆட்டத் திறமையாலும் தப்பிக்கலாம். முரட்டு டிஃபெண்டரிடம் பந்தை வைத்துக்கொண்டு நிற்காமல், ஒன்றிரண்டு தொடுதலில் தள்ளிவிட்டு நகர்ந்தால் அவனுக்கு இடிக்க ஆள் கிடைக்காது. பக்கவாட்டில் நின்று, பந்துக்கும் எதிராளிக்கும் நடுவே உடம்பைக் கொடுத்து மறைப்பதைப் பயிற்சியில் தினமும் பழக்கலாம். பயிற்சி ஆட்டத்திலேயே மாஸ்டர் வேண்டுமென்று சில ஃபவுலுக்கு விசில் அடிக்காமல் விட்டு, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, பிறகு அதைப் பற்றிப் பேசலாம். இங்கிலாந்தின் கேரி லினேகர் 16 ஆண்டு தொழில்முறை ஆட்டத்தில் ஒரு மஞ்சள் அட்டை கூட வாங்கவில்லை. அவரும் ஸ்ட்ரைக்கர்தான், டிஃபெண்டர்களின் உதையை ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்கியவர்தான். 1986 உலகக் கோப்பையில் ஆறு கோல் போட்டு அதிக கோல் அடித்தவரும் அவரே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தன் பையன் வேண்டுமென்று காலை மிதிக்கிறான் என்று தெரிந்தால், நடுவர் பார்க்காவிட்டாலும் மாஸ்டரே அவனை வெளியே எடுக்க வேண்டும். அந்த ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை. முதல் உதையைத் தடுக்கும் அதிகாரம் நடுவரை விட அவருக்குத்தான் அதிகம்.

குறுவட்டப் போட்டிகளுக்கு முன்பு மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் தலைமையில் உடற்கல்வி ஆசிரியர்கள் கூடி அட்டவணை போடுவது வழக்கம். விழுப்புரம், திண்டிவனம் கல்வி மாவட்டங்களின் அடுத்த கூட்டத்தில் நான்கு தீர்மானம் போட்டால் போதும். அன்று ஆட்டம் இல்லாத பள்ளியின் மூத்த மாணவர்கள் இருவருக்கு அரைநாள் பயிற்சி தந்து லைன்ஸ்மேனாக நிறுத்துவது. ஷின் கார்டு இல்லாதவரை இறக்காமலிருப்பது, வாங்க முடியாத பள்ளிக்குச் சேர்த்து வாங்கிக் கொடுப்பது. வெளியே எடுத்த வீரரை மறுபடி இறக்க அனுமதிப்பது. ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு இரு கேப்டன்களையும் இரு மாஸ்டர்களையும் நடுவர் அழைத்து 12ஆவது விதியை வாசித்துக் காட்டுவது. இவற்றில் செலவு பிடிப்பது ஷின் கார்டு மட்டுமே. அதற்கு உள்ளூர் வணிகர்களும் முன்னாள் மாணவர்களும் கை கொடுத்தால், வருகிற போட்டிகளிலேயே தொடங்கிவிடலாம்.